வீட்டில் பார்க்கும் படங்களுக்கு விமர்சனம் எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படங்களையும் அண்மையில் வந்த படங்களையும் வீட்டில் பார்ப்பவர்களுக்காக விமர்சனம் எழுதத் தொடங்கும் நண்பர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வரும் விடைகள் சில, முன்னால் சொன்னதை வைத்துக்கொண்டு பேசுவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

படம் ஒன்றுதானே? தியேட்டரில் பார்த்து எழுதினால் என்ன, வீட்டில் பார்த்து எழுதினால் என்ன?

கதையும் நடிப்பும் இயக்கமும் ஒன்றுதான். ஆனால் வீட்டில் இருப்பவருக்குக் கிடைப்பது அந்தப் படத்தின் ஏதோ ஒரு பிரதி. ஒரே படம் பழைய டிவிடியாகவும், மறுசீரமைத்த ப்ளூரேயாகவும், ஓடிடி தளத்தில் ஓடும் கோப்பாகவும், தொலைக்காட்சிக்காக நறுக்கிய வடிவமாகவும் உலவுகிறது. நிறம், ஒலி, நீளம், சட்டகத்தின் (ஃபிரேமின்) அளவு ஆகிய எல்லாமே பிரதிக்குப் பிரதி மாறுகின்றன. ஆகவே வீட்டுக்காக எழுதும் விமர்சனம் இரண்டு தீர்ப்புகளைத் தனித்தனியே சொல்ல வேண்டும்: படம் எப்படி, பிரதி எப்படி. இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான் பல நல்ல படங்கள் மோசமான பிரதியின் பழியைச் சுமக்கின்றன. சுமாரான படங்கள் பளபளப்பான பிரதியின் தயவில் தப்பிக்கின்றன.

வாசகரின் தேவையும் வேறு. தியேட்டருக்குப் போகலாமா வேண்டாமா என்பது அவருடைய கேள்வி அன்று. இன்றிரவு இருக்கும் இரண்டரை மணி நேரத்தை எந்தப் படத்துக்குக் கொடுப்பது, எந்தப் பிரதியைத் தேடி எடுப்பது, யாரோடு உட்கார்ந்து பார்ப்பது என்பவைதான் அவர் அறிய விரும்புபவை.

எத்தனை தடவை பார்த்துவிட்டு எழுத வேண்டும்? பார்க்கும்போதே குறிப்பெடுக்கலாமா?

முதல் தடவை நிறுத்தாமல், கைப்பேசியை எடுக்காமல், தொடக்கம் முதல் இறுதிவரை பாருங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுப் படத்தின் வேகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அந்த வேகத்தைக் குலைத்தது பார்த்தவரே. முடிந்தவுடன் மனத்தில் நிற்கும் நான்கைந்து வரிகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை முழுப் படமும் தேவையில்லை. முதல் தடவை உங்களைப் பிடித்து நிறுத்திய காட்சிகளையும் சலிப்பூட்டிய காட்சிகளையும் மட்டும் திரும்பப் போட்டு, என்ன நடந்தது என்று பாருங்கள். குறிப்பில் "உருக்கமான காட்சி" என்று எழுதினால் மறுநாள் அது எதற்கும் உதவாது. "52ஆவது நிமிடம்: தாய் கடிதத்தைப் படித்து முடிக்கவில்லை, பாதியிலேயே மடிக்கிறாள், இசை அங்கே நின்றுவிடுகிறது" என்று எழுதினால் அதிலிருந்து ஒரு பத்தியே பிறக்கும்.

கதையை எவ்வளவு சொல்லலாம்? பழைய படம் என்றால் முடிவையே சொல்லிவிடலாம் அல்லவா?

சொல்லக் கூடாது. ஒரு படம் வந்து அறுபது ஆண்டு ஆகியிருக்கலாம். இன்றிரவு அதைப் போடப்போகும் ஒருவருக்கு அது புதுப் படம். முதல் கால் மணி நேரத்தில் படமே அறிவித்துவிடும் செய்திகளைத் தயங்காமல் சொல்லலாம். அதற்குமேல் ஒரு திருப்பத்தைப் பேசாமல் வாதத்தை வைக்க முடியாது என்றால், முன்னறிவிப்புக் கொடுத்துத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

கதைச் சுருக்கம் மூன்று வாக்கியங்களைத் தாண்டினால் விமர்சனத்துக்கு இடம் குறைகிறது என்று பொருள். கதையைச் சொல்ல வேறு இடங்கள் இருக்கின்றன. உங்கள் கண்ணில் பட்டதைச் சொல்ல நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள்.

பழைய படத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறது. படத்தை வெட்டிவிட்டார்களா?

இல்லை. பெரும்பாலும் அந்தப் பட்டைதான் படம் முழுமையாக இருப்பதற்கு அடையாளம். பேசும் படங்களின் சட்டகம் 1932 முதல் உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற விகிதத்தில் அமைந்தது. 1953-இல் சினிமாஸ்கோப் வந்த பிறகு அகலத் திரை பரவியது. இன்று அவ்வகைப் படங்கள் 2.39 அகலத்தில் இருக்கின்றன. இன்றைய தொலைக்காட்சித் திரையின் அகலமோ 1.78. ஆகவே 1950களுக்கு முந்தைய படத்துக்கு இருபுறமும், சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுவது இயல்பு.

அஞ்ச வேண்டியது பட்டை இல்லாத பிரதியைக் கண்டுதான். 1.37 படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பினால் உயரத்தில் ஏறத்தாழ 23 சதவீதம் போய்விடும். 2.39 படத்தை அதேபோல் நிரப்பினால் அகலத்தில் கால் பங்கு போய்விடும். பழைய சதுரத் தொலைக்காட்சிகளுக்காக அகலத் திரைப் படங்களை நறுக்கிய பிரதிகளில் 44 சதவீதம் வரை காணாமற்போனது. இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் ஓரத்தில் தெரிவது அதனால்தான்.

கண்டுபிடிப்பது எளிது. படத்தின் தொடக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது பெயர்களின் மேல்வரியோ ஓர எழுத்தோ வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நின்றபடி பேசுபவர்களின் நெற்றி தொடர்ந்து அறுபடுகிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் அந்தப் பிரதியை வைத்து ஒளிப்பதிவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். பிரதியின் குறையை மட்டும் எழுதுங்கள். வட்டங்கள் முட்டை வடிவில் தெரிந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிரதியும் காரணமாக இருக்கலாம், உங்கள் தொலைக்காட்சியின் அமைப்பும் காரணமாக இருக்கலாம்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து போய்விடுகிறார்கள். வண்ணம் ஏற்றிய பதிப்பைப் பரிந்துரைத்தால் தப்பா?

நான் பரிந்துரைப்பதில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒளியமைப்பு, நிறம் இல்லை என்பதைக் கணக்கில் கொண்டே செய்யப்பட்டது. முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட நிறம் உதவாது என்பதால், தலைமுடியின் விளிம்பில் ஒரு பின்னொளி, சுவரில் ஒரு நிழல், கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் என்று ஒவ்வொன்றையும் ஒளிப்பதிவாளர் வைத்தார். அதன்மேல் சாயம் பூசும்போது அந்த வேலை மறைந்து, எல்லா முகங்களும் ஒரே பழுப்பில் ஆழமின்றி நிற்கின்றன. 1980களில் அமெரிக்காவில் பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றியபோது இயக்குநர்களே எதிர்த்து எழுந்தார்கள். 1988-இல் அங்கே திரைப்படப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்ததற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம்.

பிள்ளைகள் எழுந்து போவதற்கு நிறமின்மையைவிட மங்கலான பிரதிதான் காரணமாக இருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் தெரியும் நல்ல பிரதியில், ஓட்டமுள்ள ஒரு நகைச்சுவைப் படத்தையோ துப்பறியும் படத்தையோ முதலில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விமர்சனத்தில் "கறுப்பு வெள்ளைக்குப் புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்" என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய உதவி.

புதிதாக மெருகேற்றிய பிரதியில் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது, ஆனால் முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி இருக்கின்றன. இதைக் குறையாக எழுதலாமா?

கட்டாயம் எழுதுங்கள். படச்சுருளில் உருவம் பதிவது நுண்ணிய வெள்ளி உப்புத் துகள்களால். திரையில் மெல்லிய மணல் அசைவதுபோல் தெரியும் கிரெய்ன் அந்தத் துகள்களின் தடம். படத்தின் நுணுக்கங்கள் முழுவதும் அதற்குள்தான் இருக்கின்றன. சிலர் அதை அழுக்கு என்று எண்ணிக் கணினியால் துடைத்துவிடுகிறார்கள். அப்படித் துடைக்கும்போது தோலின் துளைகளும், பருத்தித் துணியின் இழைகளும், தூரத்து மர இலைகளும் சேர்ந்தே அழிகின்றன. இழந்த கூர்மையைச் செயற்கையாகத் திரும்பக் கொண்டுவர விளிம்புகளை அழுத்துவதால் உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். வானத்தை ஒட்டி நிற்கும் ஆளின் தோளைப் பாருங்கள். அந்தக் கோடு அங்கே முதலில் தெரியும்.

கீறலும் தூசியும் வேறு. அவை படமெடுத்த பின் சுருளில் ஏறியவை. அவற்றை நீக்குவது நல்ல வேலை. கிரெய்னை நீக்குவது படத்தையே நீக்குவது. இந்த வேறுபாட்டை விமர்சகர்கள் தொடர்ந்து எழுதினால்தான் வெளியிடுபவர்களும் கவனிப்பார்கள்.

"டிஜிட்டலில் மறுசீரமைக்கப்பட்டது" என்று போட்டிருந்தால் நம்பி எழுதலாமா?

அந்தச் சொல் எதற்கும் உத்தரவாதம் அன்று. எதிலிருந்து எடுத்தார்கள் என்பதே முதல் கேள்வி. கேமராவில் ஓடிய மூல நெகட்டிவில் இருக்கும் நுணுக்கம், அதிலிருந்து எடுத்த இடைநிலைப் பிரதிகளில் சற்றுக் குறையும்; தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டில் இன்னும் குறையும். தேய்ந்த பிரிண்டை 4கே தெளிவில் (அகலத்தில் ஏறத்தாழ நாலாயிரம் புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் தேய்மானம்தான் 4கே தெளிவில் கிடைக்கும். நல்ல வெளியீடுகள் எந்த மூலத்திலிருந்து, எந்தத் தெளிவில் எடுத்தோம் என்பதைப் படத்தின் முகப்பிலோ உறையிலோ தெரிவித்துவிடுகின்றன. தெரிவிக்காவிட்டால் அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

மூலம் கிடைக்காமற்போனதற்குக் காரணங்கள் பல என்பதையும் அறிந்து எழுத வேண்டும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். அதன்பின் வந்த அசிட்டேட் சுருள், ஈரமும் வெப்பமும் பட்டால் காடி நெடி வீசிச் சுருங்கும். அப்படிச் சுருங்கிய சுருளிலிருந்து எடுத்த படம் திரையில் மெல்ல ஆடும். 1950-இல் வந்த ஈஸ்ட்மன்கலர் பிரதிகளில் சாயம் வெளிறி, படம் முழுதும் இளஞ்சிவப்பாகிவிடுவது வழக்கம். சத்யஜித் ராய் 1955-இல் எடுத்த 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டனில் நேர்ந்த தீ விபத்தில் கருகியது. தப்பிய பகுதிகளை இத்தாலியின் பொலோன்யாவில் உள்ள கூடத்தில் பதப்படுத்தி, கைகூடாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்து, 2015-இல் புதிய வடிவம் வெளிவந்தது. அப்படிப்பட்ட படத்தில் ஒரு ரீல் மற்றதைவிடச் சற்று மங்கலாக இருந்தால் அதைக் குறை என்று எழுதுவது அறியாமை. அது ஏன் அப்படி இருக்கிறது என்று வாசகருக்குச் சொல்வதே நம் வேலை.

ஒரே படம் ஓரிடத்தில் 150 நிமிடம், இன்னோரிடத்தில் 144 நிமிடம் என்று போட்டிருக்கிறது. ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டார்களா?

ஒரு காட்சிகூட வெட்டாமலேயே இது நடக்கும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றும் தொலைக்காட்சியும் டிவிடியும் நொடிக்கு 25 சட்டகங்கள் ஓட்டுபவை என்பதால், படத்தை அப்படியே சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஒலியைத் திருத்தாவிட்டால் சுருதியும் ஏறும். இசைத்தட்டில் பாடலைக் கேட்டுப் பழகிய காதுகள் படத்தில் அதே பாடல் ஏதோ மெல்லிய குரலில் ஒலிக்கிறதே என்று உணர்வது இதனால்தான். பாடகரின் குரலைப் பற்றி எழுதுமுன் இதைச் சரிபாருங்கள்.

இந்தக் கணக்குக்கு மேல் நேரம் குறைந்தால் வெட்டு நடந்திருக்க வாய்ப்பு உண்டு. தணிக்கை, விநியோகஸ்தரின் சுருக்கம், இயக்குநரே பின்னர் செய்த திருத்தம் என்று வகைகள் பல. 'பிளேட் ரன்னர்' 1982-இல் வந்த வடிவத்துக்கும், பின்னர் 1992-இல் வந்த இயக்குநர் வடிவம், 2007-இல் வந்த இறுதி வடிவம் ஆகியவற்றுக்கும் முடிவிலேயே வேறுபாடு உண்டு. எதைப் பார்த்தோம் என்று சொல்லாமல் அந்தப் படத்தை விமர்சிக்கவே முடியாது. 1927-இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' முதல் திரையிடலுக்குப் பின் பெருமளவு சுருக்கப்பட்டு, விடுபட்ட காட்சிகளில் பெரும்பகுதி 2008-இல் புவெனோஸ் ஐரிஸில் ஒரு 16 மி.மீ. சுருளில் கிடைத்தது. 2010-இல் வந்த வடிவத்தில் அக்காட்சிகள் கீறல் நிறைந்திருக்கும். அந்தக் கீறல் வரும்போதெல்லாம் எண்பது ஆண்டு காணாமற்போன ஒன்றைப் பார்க்கிறோம் என்று வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர் எரிச்சலடையாமல் நிமிர்ந்து உட்காருவார்.

மௌனப் படங்களில் எல்லோரும் ஏன் அப்படிக் குதித்துக் குதித்து நடக்கிறார்கள்?

எடுத்த வேகமும் ஓட்டிய வேகமும் வேறுபடுவதால். கைப்பிடியைச் சுழற்றி எடுத்த காலத்தில் நொடிக்கு 16 முதல் 24 சட்டகங்கள் வரை வேகம் மாறியது. அதையெல்லாம் 24-இல் ஓட்டினால் நடை ஓட்டமாகிவிடும். நல்ல பிரதிகள் வேகத்தைத் திருத்தியிருக்கும். இசையும் பிரதிக்குப் பிரதி மாறும் என்பதால், எந்த இசையோடு பார்த்தீர்கள் என்று எழுதுவது முக்கியம்.

எங்கள் தொலைக்காட்சியில் புதுப் படங்கள்கூட சீரியல் மாதிரித் தெரிகின்றன. ஒளிப்பதிவு சரியில்லை என்று எழுதட்டுமா?

பொறுங்கள். தொலைக்காட்சி, இரண்டு சட்டகங்களுக்கு நடுவே தானே கற்பனையாகச் சட்டகங்களைப் புகுத்தி அசைவை வழுவழுப்பாக்குகிறது. விளையாட்டு ஒளிபரப்புக்கு அது பயன்படலாம். நொடிக்கு 24 சட்டகங்களில் எடுத்த படத்துக்குக் கேடு. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால் அமைப்புகளில் தேடி அணைக்க வேண்டும். 2019-இல் அறிவிக்கப்பட்ட பிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு உங்கள் தொலைக்காட்சியில் இருந்தால் அதை அழுத்தினாலே இந்தப் புகுத்தல், செயற்கைக் கூர்மை, நீலம் ஏறிய வெண்மை ஆகியவை ஒருசேர அடங்கும்.

வெளிச்சமான அறையில், கடைகளில் கண்ணைப் பறிப்பதற்காக வைக்கும் விவிட் அமைப்பில் பார்த்துவிட்டு "இருட்டுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியவில்லை" என்று எழுதுவதும் இதே வகை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, அமைப்பைத் திருத்திவிட்டு, அதே காட்சியை மறுபடி பாருங்கள். அதன் பிறகும் தெரியாவிட்டால் அது படத்தின் குறை, துணிந்து எழுதலாம்.

வசனம் காதிலேயே விழவில்லை, சண்டை வந்தால் வீடே அதிர்கிறது. இது படத்தின் குறையா, என் ஸ்பீக்கரின் குறையா?

இரண்டுமாக இருக்கலாம். அண்மைப் படங்களின் ஒலிக்கலவை பெரும்பாலும் தியேட்டரின் அமைதியையும் சத்தத்தையும் மனத்தில் வைத்தே செய்யப்படுகிறது. ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு தாழொலி ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் 5.1 கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதைத் தொலைக்காட்சியின் இரண்டு சிறு ஸ்பீக்கர்களில் அடைக்கும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றியும், ஹெட்போன் போட்டும் ஒரே காட்சியைக் கேட்டுப் பாருங்கள். மூன்று வழியிலும் வசனம் புரியாவிட்டால் கலவையின் குறை என்று எழுதலாம். எந்தக் கருவியில் கேட்டீர்கள் என்ற ஒரு வரியும் உடன் இருக்கட்டும்.

பழைய படங்களில் சிக்கல் நேர்மாறானது. ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலியைச் சுற்றொலியாக விரிக்கிறேன் என்று புதிய ஒலிகளைச் சேர்த்துவிடுகிறார்கள். 1958-இல் வந்த 'வெர்டிகோ' 1996-இல் மறுசீரமைக்கப்பட்டபோது காலடி, கதவு, துப்பாக்கி போன்ற ஓசைகளைப் புதிதாகப் பதிந்து சேர்த்தார்கள். அது இன்றும் விவாதத்துக்குரியது. பிரதியில் மூல மோனோ தடமும் கொடுக்கப்பட்டிருந்தால் அதில் பார்க்கச் சொல்வதே என் வழக்கம்.

ஓடிடியில் பார்த்து எழுதினால் போதுமா, டிஸ்க் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

உங்கள் வாசகர் எதில் பார்ப்பாரோ அதில் பார்த்து எழுதுங்கள். ஆனால் வேறுபாட்டை அறிந்திருங்கள். ஓடிடியில் 4கே படம் பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவில் வருகிறது; 4கே ப்ளூரேயில் அது 128 மெகாபிட் வரை போகலாம். பகலில் எடுத்த உரையாடல் காட்சியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மழை, புகை, அலை, இருட்டில் ஒற்றை விளக்கு ஆகிய இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடையும். இரவு வானத்தில் நிறம் படிப்படியாக மாறாமல் வரி வரியாக நிற்கும்.

ஓடிடிப் பிரதியைப் பற்றி எழுதும்போது பார்த்த மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள். அங்கே கோப்பை யாருக்கும் சொல்லாமல் மாற்றிவிட முடியும் என்பதால், உங்கள் விமர்சனம் எந்தக் கோப்பைப் பற்றியது என்பதற்கு அந்தத் தேதி ஒன்றே சான்று.

சப்டைட்டிலைப் பற்றியெல்லாம் விமர்சனத்தில் எழுத வேண்டுமா?

வேற்றுமொழிப் படத்தை வீட்டில் பார்ப்பவருக்கு வசனமே சப்டைட்டில்தான், எழுதாமல் எப்படி? முக்கியமாக மூன்றைக் கவனியுங்கள். படித்து முடிக்குமுன் வரி மறைகிறதா, நகைச்சுவையின் முடிவு நடிகர் வாய் திறக்குமுன்பே எழுத்தில் வந்துவிடுகிறதா, பாடல்களை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார்களா. கடைசிக் குறை பரவலாக இருக்கிறது. கதையைப் பாடல் வழியே நகர்த்தும் படத்தில் அது கதையின் ஒரு துண்டைப் பிடுங்கிவிடுவதற்குச் சமம்.

டப்பிங்கைப் பொறுத்தவரை, உதடு பொருந்துகிறதா என்பதைவிடக் குரல் அந்த முகத்துக்கு உரியதாக இருக்கிறதா என்பதே பெரிது. மூல மொழித் தடமும் இருக்கிறதா என்பதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

பழைய படம் ஒரே இழுவை. அப்படியே எழுதினால் பழைய படப் பிரியர்கள் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்ய?

இழுவை என்று தோன்றினால் எழுதுங்கள். ஆனால் எங்கே, ஏன் என்று சேர்த்து எழுதுங்கள். மெதுவாக நகரும் காட்சியும் வெறுமையான காட்சியும் வேறு வேறு. ஒருவர் இரவில் வீடு திரும்புகிறார், கதவைத் திறக்கிறார், குடையை மூலையில் சாத்துகிறார், விளக்கைப் போடுகிறார், பிறகுதான் மேசைமேல் கிடக்கும் கடிதத்தைப் பார்க்கிறார். இதை ஒரே ஷாட்டில் ஒரு நிமிடம் காட்டுகிறார்கள் என்று கொள்வோம். கடிதம் அங்கே இருப்பதை முன்பே நமக்குக் காட்டியிருந்தால் அந்த நிமிடம் முழுவதும் பதற்றம். காட்டவில்லை என்றால் அது வெறும் நடமாட்டம். இந்த ஒன்றைக் கவனித்து எழுதினாலே உங்களோடு சண்டைக்கு வந்தவர்கள் பேச்சுக்கு வருவார்கள்.

அந்தக் காலத்து வழக்கங்களையும் அறிந்திருக்க வேண்டும். பழைய படங்கள் பெயர்ப் பட்டியல் முழுவதையும் தொடக்கத்திலேயே காட்டின. பார்வையாளர்கள் தாமதமாக வந்து அமர்வதை எதிர்பார்த்து முக்கியச் செய்தியை இருமுறை சொல்லும் படங்களும் உண்டு. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்ற மேடைப் பயிற்சியிலிருந்து வந்த நடிகர்கள், நெருக்கக் காட்சியிலும் குரலை உயர்த்தினார்கள். இவற்றை அறிந்துகொண்டு பார்த்த பிறகும் காட்சி நகரவில்லை என்றால், நகரவில்லை என்றே எழுதுங்கள். பழமை என்பதற்காகப் பொய்ப் புகழ்ச்சி எழுதினால், அதை நம்பி முதல் பழைய படத்தைப் பார்ப்பவர் இரண்டாவதைப் பார்க்கவே மாட்டார்.

பெண்ணை அடிப்பதைச் சிரிப்பாகக் காட்டும் காட்சி ஒரு பழைய படத்தில் வருகிறது. "அந்தக் காலம் அப்படி" என்று கடந்துவிடலாமா?

கடந்துவிடக் கூடாது. அப்படி ஒரு காட்சி இருக்கிறது, அதைப் படம் நகைச்சுவையாகவே வைத்திருக்கிறது என்று நேரடியாகச் சொல்லுங்கள். அதே காலத்தில் வேறு விதமாக எடுத்தவர்களும் இருந்தார்கள் என்பதால் "அந்தக் காலம்" என்பது முழு விடை ஆகாது. அதேநேரம், அந்த ஒரு காட்சிக்காகப் படத்தின் இசையையும் ஒளிப்பதிவையும் இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது.

பார்க்க வேண்டியது, அந்தக் காட்சி படத்தின் ஓரத்தில் இருக்கிறதா, நடுத்தூணாக இருக்கிறதா என்பது. நாயகியின் மனமாற்றமே அந்த அடியால்தான் நடக்கிறது என்று கதை சொன்னால், கதையின் நியாயத்தையே நீங்கள் கேள்வி கேட்டாக வேண்டும்.

"குடும்பத்தோடு பார்க்கலாமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வது?

ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்தின் எல்லையும் வேறு; தணிக்கைச் சான்றும் நாட்டுக்கு நாடு மாறும். தீர்ப்பை விட்டுவிட்டுச் செய்தியைக் கொடுங்கள்: "முதல் மணி நேரத்தின் இறுதியில் ஒரு தற்கொலை நேரடியாகக் காட்டப்படுகிறது, வசவுச் சொற்கள் படம் முழுதும் வருகின்றன, உடலுறவுக் காட்சி இல்லை." படிப்பவர் தாமே முடிவு செய்துகொள்வார். வேகமாக மினுங்கும் வெளிச்சக் காட்சிகள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது பாதுகாப்புச் செய்தி.

தியேட்டருக்காக எடுத்த புதுப் படத்தை வீட்டில் பார்த்துவிட்டுக் குறை சொல்வது நியாயமா?

பெரிய திரையின் பிரமாண்டம் தெரியவில்லை என்று குறை சொல்வது நியாயமன்று. மற்ற எல்லாவற்றையும் சொல்லலாம். உண்மையில் வீட்டுத் திரை ஒரு நல்ல சோதனை: கூட்டத்தின் ஆரவாரமும் அதிரும் ஒலியும் நீங்கிய பிறகு திரைக்கதையின் ஓட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன, தியேட்டரில் சத்தத்தில் கவனிக்கப்படாமற்போன நல்ல நடிப்பும் தெரிகிறது.

1950களின் படத்துக்கும் போன மாதம் வந்த படத்துக்கும் ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடலாமா?

போட்டே ஆக வேண்டும் என்றால் படத்துக்கு ஒன்று, பிரதிக்கு ஒன்று என்று இரண்டு போடுங்கள். முதல் விடையில் சொன்ன இரண்டு தீர்ப்புகள் அவை. தொழில்நுட்ப வசதியை வைத்துப் பழைய படத்தைக் குறைக்காதீர்கள். அன்று கையில் இருந்த கருவிகளைக் கொண்டு சொல்ல வந்ததைச் சொன்னார்களா என்று மட்டும் பாருங்கள். பின்னணியில் நகரும் தெரு தனியாகப் படமாக்கி ஒட்டியது என்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், காருக்குள் பேசும் இருவரின் முகம் நம்மைக் கட்டிப்போட்டால் காட்சி வென்றுவிட்டது.

யாரோ இணையத்தில் ஏற்றிய மங்கலான பிரதி மட்டுமே இருக்கிறது. படம் அருமை. பாருங்கள் என்று எழுதுவதா, வேண்டாம் என்று எழுதுவதா?

உரிமை பெற்ற பிரதி எங்காவது கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைத்தால் அதையே சுட்ட வேண்டும், இணையப் பிரதிக்கு வழிகாட்டக் கூடாது. எங்குமே இல்லை என்றால், படத்தைப் பற்றி முழு விமர்சனம் எழுதுங்கள், நல்ல பிரதி இல்லை என்பதையும் எழுதுங்கள். அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டு முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 சதவீதம் முற்றிலும் அழிந்துவிட்டன. ஒரு படத்தைப் பற்றிப் பேச ஆள் இருந்தால்தான் அதன் நெகட்டிவைத் தேடவும் ஆள் வருவார்.

எதை இந்தப் பிரதியில் மதிப்பிட முடிந்தது, எதை முடியவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். வசனம், நடிப்பு, காட்சிகளின் அடுக்கு ஆகியவை மங்கலிலும் தெரியும். நிறத்தையும் ஒளியையும் பற்றி நல்ல பிரதி வரும்வரை தீர்ப்பை ஒத்திவையுங்கள்.

அதே படத்துக்குப் பிறகு நல்ல பிரதி வந்து, என் கருத்தும் மாறிவிட்டால் பழைய விமர்சனத்தை அழித்துவிடலாமா?

அழிக்க வேண்டாம். பழையதை அப்படியே வைத்து, மேலே தேதியோடு புதுக் குறிப்பைச் சேருங்கள். எது மாறியது என்பதைத் தெளிவாக்குங்கள்: பிரதி மாறியதால் ஒளிப்பதிவைப் பற்றிய கருத்து மாறியதா, அல்லது பிரதி எதுவாயினும் கதையைப் பற்றிய உங்கள் பார்வையே மாறியதா. முதலாவது என்றால் பழைய பிரதியை வைத்திருப்பவருக்கு உங்கள் பழைய விமர்சனம் இன்னும் பொருந்தும். இரண்டாவது என்றால் எந்தக் காட்சியால் மாறினீர்கள் என்று காட்ட வேண்டும். சிறு வயதில் பிடித்த படம் இன்று பிடிக்காமற்போகும்போதும் இதே முறைதான். நினைவிலிருந்து எதையும் எழுதாமல், இரண்டாம் விடையில் சொன்னதுபோல நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அன்று பிடித்த காட்சியை இன்று மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.